சந்தனம் வைத்த டாஸ் ஃப்ளாப்பி

எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில் கம்ப்யூட்டர் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வேறு எங்காவது ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். இருந்தால் எனக்கென்ன? மாடியறையில் இருந்த அந்த மெஷின், பெங்களூரில் யாரோ பயன்படுத்திச் சலித்துத் தள்ளிவிட்டது. ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பி என்கிற சதுர உறைத் தகடுகளைச் செருக டிரைவ் இரண்டு. முதலில் மெஷினை எழுப்பி நடத்துகிற டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டால்தான் கண்ணையே திறக்கும். பிறகுதான் பாடம் நடத்தும் புரோகிராமின் ஃப்ளாப்பி. மெஷினின் மொத்த மெமரியில் இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுகூட அடங்காது.

நான் பி.எஸ்சி. முடித்து, சேலத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டு அதற்கு டீச்சராக வந்திருந்தேன். இன்ஸ்டிடியூட் முதலாளியை எல்லாரும் சார் என்போம். அவர் மெஷினை இன்னும் விலைக்கு வாங்கவில்லை. விஜயதசமி அன்று பத்துப் பேராவது கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தால் வைத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் திருப்பி லாரி ஏற்றிவிடுவதாகவும் பேச்சு. அது லாரி ஏறினால் என் வேலையும் கூடவே ஏறிவிடும். "போதும், வேலைக்குப் போனது" என்று சொல்ல அப்பா காத்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு. எனக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், அந்தப் பேச்சும் வேண்டாம். இந்த மெஷின்தான் வேண்டும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு சாரின் மைத்துனர் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். ஏதோ கம்பெனியில் வேலை. பையிலிருந்து ஃப்ளாப்பிகளை எடுத்து மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார்.

"இது புது டாஸ் மாமா. லேட்டஸ்ட். பெங்களூர்ல இப்ப எல்லாரும் இதான்."

சாருக்கு முகமெல்லாம் பல். நான் உறையை வாங்கி, அதில் எவ்வளவு மெமரி வேண்டுமென்று போட்டிருந்ததைப் படித்தேன்.

"சார், இது பெரிய மெஷினுக்குங்க. நம்முளதுல போட்டா டாஸே முக்கால்வாசி எடத்தப் புடிச்சிக்கும். அப்புறம் நம்ம புரோகிராம் எங்கீங்க உக்காரும்?"

"நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்க? புதுசுன்னு போர்டு வெச்சா நாலு பேரு கூட வருவாங்கல்ல."

"போட்டுப் பாக்கறதுன்னா பாருங்க. பழைய ஃப்ளாப்பிய மட்டும் தொடாதீங்க சார்."

வேறென்ன செய்ய முடியும்? மாடியறைச் சாவி எப்போதும் சாரின் இடுப்பில்தான் தொங்கும். நான் பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டேன். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத கத்தோலிக்கக் குடும்பம். ஆயுத பூஜையில் எனக்குச் சேர்வது லீவும், திரும்பி வந்ததும் கிடைக்கும் பொரிகடலையும்தான்.

விஜயதசமி காலையில் வந்து பார்த்தால் இன்ஸ்டிடியூட்டில் நிற்க இடமில்லை. இண்டூரிலிருந்து ஒரு விவசாயி மகளைக் கூட்டிவந்திருந்தார். தொப்பூர் லாரிக்காரர் ஒருவர் மகனோடு. டைப்ரைட்டர் பெஞ்சு முழுக்கப் பெற்றோரும் பிள்ளைகளும். எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று. சார் எல்லாரையும் மாடிக்கு அழைத்துப்போய் கம்ப்யூட்டரைப் போட்டார். புது டாஸ் ஜம்மென்று வந்து நின்றது. மைத்துனர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நான் இரண்டாவது டிரைவில் பாடப் புரோகிராமைப் போட்டுத் தட்டினேன்.

புரோகிராம் பெரிசு, மெமரியில் இடம் போதாது என்று திரை இங்கிலீஷில் சொல்லிவிட்டது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதையே சொன்னது. மூன்று நாள் முன்பு நான் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது, ஆனால் அது சொன்னால்தான் நம்புகிறார்கள்.

"பழைய டாஸ் எங்கீங்க சார்?"

சார் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஃப்ளாப்பிலதாம்மா அழிச்சிட்டுப் புதுசக் காப்பி போட்டோம். ஃப்ளாப்பிக்கு எங்க போறது?"

"எல்லாத்துலயுமா?"

"ஒரிஜினல் இருக்கே. அத பூஜையில வெச்சிருக்கு."

எனக்கு உயிர் வந்தது. கீழே ஓடினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், எலுமிச்சம்பழத்துக்கும் டைப்ரைட்டர் ரிப்பனுக்கும் நடுவில் அந்த ஃப்ளாப்பி சாத்தி வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்குமே, உள்ளே இருக்கும் கறுப்புத் தகடு வெளியே தெரியுமே, கை படவே கூடாது என்பார்களே, அங்கே கட்டியாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இரண்டும் காய்ந்து பொருக்காகியிருந்தது.

பூஜை செய்தது சாரின் மனைவி. அக்கா என்று கூப்பிடுவேன்.

"அதுதான் கண்ணு பாக்க நெத்தியாட்டம் இருந்துச்சு" என்றார் அக்கா. "மெஷினுக்கெல்லாம் வெச்சமே, இதுக்கும் வெப்போம்னு வெச்சேன்."

அக்காவை என்ன சொல்வது? பக்தியாகத்தான் வைத்தார். எனக்கு வந்த கோபமெல்லாம், கையில் இருந்த பழசையெல்லாம் அழித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் பூவும் பொட்டுமாக உட்கார வைத்த அந்த இரண்டு ஆம்பிளைகள் மேல்தான்.

"இத டிரைவ்ல போட்டா படிக்கற ஹெட்டே போயிரும்" என்றார் மைத்துனர். இப்போது சிரிப்பைக் காணோம். "பெங்களூர் போயி வேற வாங்கிட்டு வரேன் மாமா. ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் கழிச்சு யாரு வருவா? வுடு. மெஷினத் திருப்பி அனுப்பிச்சிரலாம்."

சார் கத்தியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். அப்பாவின் மாப்பிள்ளை கண்ணுக்குள் வந்து நின்றார்.

"கழுவிரலாங்க சார்" என்றேன்.

சேலத்தில் படித்தபோது எங்கள் வாத்தியார், காபி கொட்டிய ஃப்ளாப்பியைக் கழுவி எடுத்ததை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. ஆனால் இந்த நிலைமையில் அதையெல்லாம் சொல்வார்களா? பத்துத் தடவை செய்தவள் மாதிரி மைத்துனரை விரட்டினேன். நம்மூர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதனால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிவரச் சொன்னேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்த பேட்டரிக் கடையிலிருந்து கேனோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டருக்குக்கூட பேட்டரித் தண்ணி ஊத்தணுமா?" என்று தொப்பூர் லாரிக்காரர் கேட்டார்.

"ஸ்டார்ட் ஆகணுமில்லீங்க" என்றேன்.

கத்திரியால் உறையின் ஓரத்தை வெட்டி, தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுத்தேன். எது மேல்பக்கம் என்று நடு வளையத்தருகே பென்சிலால் குறித்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசினேன். தண்ணீர் முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது, சந்தன வாசம் அடித்தது. அக்கா கொடுத்த பழைய மல் வேட்டியில் ஒற்றி எடுத்து, பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் கலையாமல் அக்கா பொரிகடலை கொடுத்துக்கொண்டே இருந்தார். பொரி தீர்வதற்குள் காய வேண்டுமே என்பதுதான் என் கவலை.

காய்ந்தது. புது டாஸ் ஃப்ளாப்பி ஒன்றின் உறையை வெட்டி, அதன் தகட்டைத் தூர வைத்துவிட்டு, குளித்து வந்த தகட்டை உள்ளே செருகினேன். மைத்துனர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். மறுபடி ஒருமுறை அது படிக்குமோ படிக்காதோ, முதல் வேலையாகக் காப்பி எடுத்துவிட வேண்டும். புது டாஸைப் போட்டு, கழுவிய பழைய தகட்டை அதைக்கொண்டே காப்பி எடுக்கச் சொன்னேன். இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைக் கொண்டே வீட்டுக்காரனை உள்ளே கூட்டிவந்தேன். எழுதுவதற்கு வெற்று ஃப்ளாப்பி இல்லை. மைத்துனரே தன் புது டாஸில் இன்னொன்றை எடுத்து நீட்டி, "இதுமேலயே எழுதும்மா" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

டிரைவ் கர் கர்ரென்று ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் திக்கி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டியது. யாரும் பொரி மெல்லவில்லை. பிறகு நகர்ந்து போய்விட்டது. முடிந்ததும், இன்னொரு காப்பி வேண்டுமா என்று வேறு கேட்டது. நன்றாகக் கேட்டது.

காப்பி எடுத்ததைப் போட்டு மெஷினை முதலிலிருந்து கிளப்பினேன். பழைய டாஸ், மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து எல்லா இடத்தையும் விட்டுக்கொடுத்தது. பாடப் புரோகிராம் திரை முழுக்கப் பச்சையாக மலர்ந்தது. இண்டூர்க்காரரின் மகள் கைதட்ட, மொத்த மாடியும் கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது. அழாமல் இன்னொரு காப்பி எடுத்தேன். பிறகு இன்னொன்று.

பத்துப் பேர் வேண்டுமென்றாரே, சேர்ந்தவர்களை உட்கார வைக்கக் கீழேயிருந்து பெஞ்சு தூக்கி வர வேண்டியிருந்தது. மெஷின் லாரி ஏறவில்லை. அப்பாவின் மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு அக்கா சாரிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க." அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்."

அதற்கப்புறம் புது டாஸ் போட வேண்டுமென்றால் சாரும், சந்தனம் வைக்க வேண்டுமென்றால் அக்காவும் என்னிடம்தான் சாவி கேட்டார்கள்.