தொட்டிக்கு நாலாவது சுவர்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதினாலே எனக்கு விரல் வலிக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் டியூஷன் போயிருக்கும் நேரத்தில் எழுதியதில் பிழை அதிகம் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாய் இருந்தால் பேசியே தீர்த்திருப்பேன். எனக்கு அது வராது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறேன். சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட எனக்குத் தலை குனிந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கும் போன மாதம் கோபம் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

மகனின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பென்னலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா போன பிறகு நாங்கள் வாழ்ந்த வீடும் சித்தப்பா கைக்குப் போய்விட்டது. அதை அவர் கம்பெனி வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வீட்டு வாசற்படியில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் கீச்சுச் சத்தத்தோடு தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நானும் உட்கார்ந்திருப்பேன்.

சித்தப்பா அந்தக் குழந்தையைத் தாண்டிப் போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டார். “இன்னா பாப்பா, காலையிலயே ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பிச்சிட்டியா?”

என்னை அவர் கூப்பிட்ட பெயர் அது. ஆர்மோனியப் பொட்டி. இத்தனை வருடம் கழித்தும் அவர் வேறு ஒரு வேடிக்கை கண்டுபிடிக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோதுதான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் இல்லை. சித்தப்பா கெட்டிக்காரர். எங்கள் வீட்டை ஒட்டியிருந்த தன் மனையில் வரிசையாக ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டார். ஆறு அறைக்கும் பொதுவாகக் குளிக்க ஒரு சிமென்ட் தொட்டி வேண்டியிருந்தது. தொட்டி என்றால் நான்கு பக்கமும் சுவர் வேண்டும். சித்தப்பா மூன்று சுவர்தான் கட்டினார். நாலாவதாக எங்கள் வீட்டுச் சுவரையே வைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் கேட்டுத்தான் செய்தார். “ஒரு செவுருதான, அண்ணா. உன் செவுரு வேற, என் செவுரு வேறயா?” என்றார். அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் படுக்கும் அறை.

மூன்று ஷிப்டு ஆட்களும் மாறி மாறிக் குளிப்பார்கள். தொட்டி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த வருட மழைக்காலத்தில் எங்கள் அறைச் சுவரின் அடியில் ஈரம் ஏறியது. முதலில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிர்ந்தது. பிறகு மிளகுத் தூளைத் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். பிறகு புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து என் இடுப்பு உயரத்துக்குப் படர்ந்தன. நனைந்த கோணியின் வாடை அறையில் நின்றது. மார்கழியில் எனக்கு இளைப்பு வந்தது.

அதற்கு வீட்டில் செய்த வைத்தியத்தை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். பனி பட்டதால் வந்தது என்று முடிவு செய்தார்கள். ஜன்னலில் கோணி அடைத்தார்கள். கதவுக்கு அடியில் பழந்துணி திணித்தார்கள். அப்படி அடைத்த அறைக்குள் அம்மா காலையும் மாலையும் அண்டாவில் நொச்சி இலை கொதிக்கவைத்து என்னை ஆவி பிடிக்கச் செய்தாள். அந்த ஆவி எங்கே போகும்? சுவரில்தான் போய் உட்காரும். மழைக்கு வெளியே காயாத துணிகளும் என் தலைக்கு மேல் கொடியில் தொங்கின. தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. எதையெல்லாம் நிறுத்தக் கூடாதோ அதையெல்லாம் நிறுத்தினார்கள். காற்றையும் சேர்த்து.

சுவரை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தொட்டியைச் சொன்ன மாதிரி. தொட்டியைச் சொன்னால் தம்பியைச் சொன்ன மாதிரி. பொங்கலுக்குப் பொங்கல் சித்தப்பாவே ஒரு வாளியில் நீலம் கலந்த சுண்ணாம்போடு வருவார். கறுப்பின் மேல் இரண்டு கை அடிப்பார். “இந்தாங்க அண்ணி, புதுச் செவுரு” என்பார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுப்பாள். மாசி பிறப்பதற்குள் கறுப்பு திரும்ப எட்டிப் பார்க்கும்.

ஒரு முறை இளைப்பு அதிகமாகி சித்தப்பாதான் தன் மொபெட்டில் அம்மாவையும் என்னையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்ட நர்சம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

“வூட்டுல செவுரு எதாவது ஓதம் காக்குதாம்மா? பூசணம் பூத்திருக்கா?”

“எங்களுது சொந்த வூடும்மா” என்றாள் அம்மா.

“சொந்த வூடுதாம்மா. ஓதம் இருக்கான்னு கேட்டேன்.”

அம்மா பக்கத்தில் நின்ற சித்தப்பாவை ஒரு முறை பார்த்தாள். சித்தப்பா முந்திக்கொண்டார். “எங்க அண்ணன் வூட்ட வந்து பாருங்க மேடம். ராஜா வூடு மாரி இருக்கும்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பொங்கலுக்குத்தான் வெள்ள அடிச்சோம்” என்றாள் அம்மா.

அந்த நர்சம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. கேள்வி நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் யாராவது சரியான கேள்வி கேட்டார்கள் என்றால் அது அந்த அம்மாதான். பதிலைத்தான் நாங்கள் கொடுக்கவில்லை.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் படுக்கை என்று போயின. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அம்மா வேண்டிக்கொண்டபடி எனக்கு மொட்டையடிக்கக் குன்றத்தூர் மலைக்குப் போனோம். அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். ஓலை வேய்ந்த சின்ன வீடுதான். ஒரு பக்கம் காற்று வந்தால் மறுபக்கம் போய்விடும். இரண்டாவது நாளே என் நெஞ்சில் சத்தம் நின்றுவிட்டது. அத்தை தயிர்ச்சோறு போட்டாள். சாப்பிட்டேன். வாழைப்பழம் கொடுத்தாள். அதையும் சாப்பிட்டேன். மொட்டையடித்த அன்று மலைப்படி முழுவதையும் ஓடியே ஏறினேன். மேலே நின்று திரும்பிப் பார்த்தால் அப்பா பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். அம்மா நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அத்தைதான் சொன்னாள். “அண்ணா, இவன இங்கயே வுட்டுட்டுப் போ. ஆறாவது இங்க சேத்துக்கிறேன். மூச்சு நல்லா கீது பாரு.”

“ஏன், என் புள்ளைக்கு என் வூட்டுல சோறு இல்லயா?” என்றார் அப்பா. என் ஆறாம் வகுப்பு அந்த இடத்தில் போயிற்று.

மலையடிக் கடையில் அம்மா கண்ணாடி போட்ட முருகன் படம் ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அதை என் தலைமாட்டுச் சுவரில், கறுப்பு அதிகமாக இருந்த இடமாகப் பார்த்து மாட்டினாள். கறை மறைந்தது. சாமியும் பக்கத்தில் வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலமே எனக்கு இழுக்க ஆரம்பித்தது.

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். “மல மேல ஆடு மாரி ஓடின. வூட்டுக்கு வந்தா மட்டும் இழுக்குதா? யாருகிட்டடா நடிக்கிற? அத்த வூட்டுத் தயிரு கேக்குதா?” என்று முதுகில் ஒன்று வைத்தார். அடி பட்டதும் இருமல் நின்றது, பயத்தில். “பாத்தியா” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

கொஞ்ச நாளில் முருகன் படத்துக்குள் கண்ணாடியின் ஓரம் காகிதம் உப்பியது. பிறகு வேலின் மேல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அம்மா பதறிப்போய்ச் செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தாள். அப்பா அறைக்குள் வந்து மூக்கைச் சுளித்து, “இவன் மூச்சு பட்டுப் பட்டு ரூமே நாறுது” என்றார். அவர் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. ஆனால் நான் அதை யோசித்தேன். நாள் முழுக்கப் படுத்திருப்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? சுவரைப் பார்த்துத்தான் நான் ஒருக்களித்துப் படுப்பேன். என் வாய்க்கு நேரே இருந்த இடம்தான் ரொம்பக் கறுத்திருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. என் நெஞ்சில் இருக்கும் சீக்கு மூச்சோடு வெளியே வந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுவரில் நிறைந்து இப்போது சாமி படத்திலும் ஏறிவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்.

ஒரு மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். பின்னால் சுவர் எருமைத் தோல் மாதிரி கறுப்பாக, மெத்தென்று முடி முளைத்தது போல இருந்தது. என் சட்டையைக் கழற்றி, பலம் கொண்ட மட்டும் தேய்த்தேன். கறுப்புத் தூள் பறந்தது. ஜன்னலில் கோணி. கதவும் சாத்தியிருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கறை கொஞ்சம் வெளுத்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் தேய்த்தேன். பிறகு மூச்சு உள்ளே போகவில்லை. வெளியேயும் வரவில்லை. கையில் சட்டையோடு அப்படியே சரிந்தது வரைதான் நினைவிருக்கிறது.

பிழைத்தேன். மறுபடியும் அதே மொபெட், அதே ஆஸ்பத்திரி. இந்த முறை இருந்தது வேறு நர்சு. அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் அப்பா முடிவு செய்தார். பள்ளிக்கூடம் வேண்டாம், வெளியே போனால் தூசு, பனி. உடம்பு தேறும் வரை அறையிலேயே இருக்கட்டும். சித்தப்பா ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்தார்.

உடம்பு தேறவில்லை. இருபத்திரண்டு வயதில் வேலைக்கென்று வீட்டை விட்டு வெளியேறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மொட்டைமாடி அறையில் தங்கின பிறகுதான் தேறியது. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு நர்சம்மாவின் கேள்வியையே கேட்டார். இந்த முறை நானே பதில் சொன்னேன். ஆஸ்துமா முழுதாகப் போகாது என்றார். தினமும் இழுக்க ஒரு இன்ஹேலர், அவசரத்துக்கு ஒன்று. அவசரத்துக்கானது எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று மனைவி சண்டை போடுவாள். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போட விடமாட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்கிறாள். இருக்கட்டும்.

அன்றைக்குச் சித்தப்பாவிடம் எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். “சித்தப்பா, அந்தக் கொழந்தைக்கு இழுக்குதே. அந்தத் தொட்டிச் செவுரு…”

“தொட்டிய இன்னும் ஞாபகம் வெச்சினு கீறியா நீ? அத இடிச்சிட்டு பாத்ரூம் கட்டிட்டேன்டா” என்றார்.

“அதே செவுத்துலயா?”

“பின்ன? ஓதம்லாம் ஒரு விசயமா? பொங்கலுக்கு ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது.”

ஒண்ணும் தெரியாது. உண்மைதான். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராக அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போனேன். தெற்கே இருந்து வந்தவர்கள். “குளிருதாண்ணே ஒத்துக்கல. வாழைப்பழங்கூட குடுக்கிறதில்ல” என்றாள் அந்தப் பெண். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்காதே, காய்ந்த துணியால் சுவரைத் தேய்க்காதே, டாக்டரிடம் போனால் சுவரைப் பற்றிச் சொல், முடிந்தால் வேறு வீடு பார் என்றேன். அந்நியப் பெண்ணிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து அதனிடமும் சொன்னேன். “உன் மேல தப்பு இல்ல, பாப்பா.” அதற்குப் புரிந்ததோ என்னவோ. அவள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு திறந்த அன்று காலை, என் கூடப் படித்த பையன்கள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே பேசிக்கொண்டு போனார்கள். கோணிக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். சித்தப்பா அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வெள்ளைச் சுவர். அதை மறுபடியும் கெடுத்துவிடக் கூடாது என்று, என் மூச்சு அதன்மேல் படாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

எழுதி முடித்தது: 24.11.2024, ஞாயிற்றுக்கிழமை.