கழுவாத நார்த்தூள்

என் மனைவிக்கு கீமோ நடந்த ஆறு மாதத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் அவள் கட்டிலின் பக்கம் இல்லை. வீட்டில் நான் ஆபீஸ் வேலை பார்க்கிற அறையில், துணி வைக்கிற குளோசெட்டுக்குள், நான்கு கஞ்சாச் செடிகளுக்கு முன்னால். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருபத்தொரு வயது ஆனவர்கள் வீட்டில் ஆறு செடி வரை வளர்த்துக்கொள்ளலாம். அது வேண்டாம் என்றால் கடையில் போய் அடையாள அட்டையைக் காட்டி, பால் வாங்குவது மாதிரி வாங்கி வரலாம். எங்கள் இருவருக்கும் சிட்டிசன்ஷிப் வந்து பல வருடம் ஆகிவிட்டது, விசாவுக்கு வில்லங்கம் வரும் என்ற பயமும் கிடையாது. எனக்கு இருந்தது வேறு பயம். கீமோ தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் ஊரில் அப்படி ஒரு கடை வரப்போகிறது என்று செய்தி வந்தபோது, அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவன் நான். கோயில் பார்க்கிங்கில் மேஜை போட்டு உட்கார்ந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறவன் என்பதால் பெற்றோர் எல்லாரும் மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள். நகரசபைக் கூட்டத்தில் டை கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் பேசினேன், கைதட்டல் வேறு. கடை வரவில்லை. ஃப்ரீவேயில் வடக்கே இருபது நிமிடம் தள்ளி, பக்கத்து ஊரில் ஒன்று வந்தது.

இரண்டாவது கீமோ முடிந்த வாரத்தில் அவளால் எதையும் சாப்பிட முடியவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். வாந்திக்குக் கொடுத்த மாத்திரை பாதிதான் கேட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ்தான், சிலருக்கு கஞ்சா கொஞ்சம் பசியைக் கொடுக்கிறது, வேண்டுமானால் முயற்சி பண்ணுங்கள், டாக்டருக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னாள். காரில் வரும்போதே மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கடையில போய் வாங்கிட்டு வந்துருங்களேன்."

"கடையில விக்கறதுல என்ன கெமிக்கல் அடிச்சிருக்கானோ! நானே வளர்த்துத் தர்றேன், சுத்தமா."

"அது வளர்றதுக்குள்ள எனக்குக் கீமோவே முடிஞ்சிருமே?"

"ரெண்டே மாசம்" என்றேன். பச்சைப் பொய். நட்டு, வளர்த்து, காயவைத்துக் கையில் கொடுக்க நன்றாக வந்தாலே நாலு மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டுமே. கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் எதிர் சீட்டு அமெரிக்கர் நான்கு நாற்றுகளைக் காபிக் கோப்பையில் வைத்துக் கொடுத்தார். மண்ணை விட தேங்காய் நார்த்தூள்தான் வீட்டுக்குள் வளர்க்கத் தோது என்றும் அவரே சொன்னார். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பொள்ளாச்சிக்காரன். என் பெரியப்பா மகன் இன்றைக்கும் அங்கே நார் மில் நடத்துகிறார். இந்தியன் கடையில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு என்று பெயர் இல்லாத நார்த்தூள் கட்டி செங்கல் செங்கலாக அடுக்கியிருக்கும், அதில் மூன்று எடுத்து வந்தேன். நார்த்தூளை நன்றாகக் கழுவி, கால்சியம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி அலசித்தான் பயன்படுத்த வேண்டும் என்று இணையத்தில் எல்லாரும் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய் நாரைப் பற்றி வெள்ளைக்காரன் எனக்குப் பாடம் எடுக்கிறானா? பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி உதிர்த்து, அப்படியே தொட்டியில் நிரப்பி நட்டுவிட்டேன்.

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வளர்ச்சி நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒரு சாண் உயரம் இருந்தது ஐந்தாவது வாரத்திலும் அதே ஒரு சாண். அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் மஞ்சள் ஓடியது. மேல் இலைகளில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். ஓரம் சுருண்டு, நுனி கருகியது.

நான் சிப் டெஸ்டிங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். ஒரு பழுது வந்தால் எங்கள் முறை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய், பொறு, அளந்து பார், அப்புறம்தான் அடுத்தது. அதையே இங்கேயும் செய்தேன். ஒரு வாரம் செடிகளுக்கு மேல் தொங்கவிட்டிருந்த ஊதா விளக்கை அரையடி உயர்த்தினேன். அடுத்த வாரம் மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். அதற்கடுத்த வாரம் உரத்தைக் கூட்டினேன், இன்னும் கருகியது. வேர் அழுகுகிறதோ என்று தண்ணீரைக் குறைத்து நன்றாகக் காயவிட்டேன். வெளிச்சம், வெப்பம், ஈரம், உரம், தண்ணீரின் அமிலத்தன்மை என்று எல்லாவற்றுக்கும் என் எக்செல் ஷீட்டில் பத்தி இருந்தது. நார்த்தூளுக்கு மட்டும் இல்லை. நம்ம ஊர் சரக்கைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம். அந்த ஒவ்வொரு வாரமும் பக்கத்து அறையில் ஒருத்தி வெறும் வயிற்றோடு ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கும். எழுந்து போய் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து இலையை எண்ணுவேன். அவளுக்காகத்தானே இதெல்லாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இதற்கு நடுவில் உதவிக்கு என்று என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். குளோசெட் கதவிடுக்கில் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "அதென்னுங்க மாப்பிள்ளை?" என்றார்.

"தக்காளி நாத்துங்க அத்தை."

"தக்காளிக்கு இப்படியா எலை இருக்கும்?"

"இது அமெரிக்கத் தக்காளிங்க."

காடு தோட்டத்திலேயே வாழ்ந்தவரிடம் இதைச் சொன்னேன் பாருங்கள். "ஓ" என்றார், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் நான்கு தொட்டியும் ஈரமாக இருந்தன. நான் காயவிட்டுக்கொண்டிருந்த வாரம் அது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அத்தை! இதுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி யார் சொன்னா உங்ககிட்ட?"

"வறண்டு கெடந்துச்சுங்க மாப்பிள்ளை. பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆளுக்கொரு டம்ளர்தான் ஊத்துனேன்."

"ஒரு வாரம் வேஸ்ட்! புரியுதா உங்களுக்கு? இனிமே நான் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்! இந்த ரூம் பக்கமே வராதீங்க!"

எழுபது வயதுக்காரர், பெண்ணைப் பார்க்க இருபது மணி நேரம் விமானத்தில் வந்தவர். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் ஹாலுக்கு வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். அந்த வாரக் கடைசியில் செடிகளில் புதுத் தளிர் கொஞ்சம் பச்சையாக வந்தது. நான் போட்ட உரம் கேட்டுவிட்டது என்று ஷீட்டில் எழுதினேன்.

அதை எழுதிய அன்று சாயங்காலம் மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை, பக்கத்தில் குனிந்துதான் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு மொத நாளே தெரியும், அது கஞ்சாச் செடின்னு. ‘உனக்காகத்தான் மாப்பிள்ளை ஒளிச்சு வெச்சு வளக்கறாரு அம்மிணி, நீ ஒண்ணும் கேக்காத, சங்கடப்படுவாரு’ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. அதப் போய்க் கத்துனீங்களே."

போய் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் காபியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், நான் குடித்தேன், விஷயம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியாக நினைத்துக்கொள்கிற ஆள் நான்!

கடைசியில் வேறு வழி தெரியாமல் பெரியப்பா மகனுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டேன். அவரிடமும் தக்காளி என்றே சொன்னேன். இலையின் புள்ளி, சுருட்டல், வளராதது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தூளக் கழுவுனியாடா?"

"இல்லண்ணா. நம்ம ஊர் தூள்தானே."

"அட மடையா! நம்ம ஊர் தூள்ங்கறதாலதான்டா கழுவணும். நம்ம ஊரு போர்த் தண்ணியே உப்பு, அதுல ஊறுன மட்டையாச்சே. எக்ஸ்போர்ட்டுக்குப் போறத நாங்களே ரெண்டு தடவ அலசித்தான் அனுப்பறோம். நீ வாங்குனது அலசாத கட்டி. அந்தத் தூளு உன்ற செடிக்குப் போற கால்சியத்தயெல்லாம் தானே புடுச்சு வெச்சுக்கிட்டு உப்ப வெளிய விடும். அதுலயும் காயவிட்டீன்னா உப்பு அப்படியே வேர்ல ஏறும். நார்த்தூளக் காயவே விடக்கூடாது. மில்லுக்குள்ள வெளையாண்டவன், இதுகூடத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் வடிந்த தண்ணீரில் உப்பு அளக்கிற மீட்டரை வைத்தேன். ஊற்றிய தண்ணீரில் இருந்ததைப் போல மூன்று மடங்கு உப்பு காட்டியது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதத்தில் அந்தச் செடிகளுக்கு யாராவது ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்றால், அது என் மாமியார் ஊற்றிய ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர்தான்.

அதோடாவது நிறுத்தினேனா? இல்லை. காரணம் பிடிபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் சனி ஞாயிறு இரண்டு நாளும் பின்கட்டில் உட்கார்ந்து தூளைக் கழுவினேன். செடிகளைப் பிடுங்கி வேரை அலசி, தூளைக் கால்சியத் தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, திரும்ப நட்டேன். உள்ளங்கை முழுக்கக் காவி ஏறிப்போனது. திங்கட்கிழமை அந்தக் கையோடுதான் அவளை நான்காவது கீமோவுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் உப்பு, வேர், கால்சியம் என்று பேசிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

நர்ஸ் அவளை எடை மிஷினில் நிற்க வைத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, போன தடவை எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, போன வாரம் இவர் என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. எந்தத் தொட்டியில் எத்தனை இலை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டின மனைவி ஏழு நாளாக என்ன சாப்பிட்டாள் என்று தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளே இங்கிலீஷில் சொன்னாள். நாலு நாளாக ரசம் மட்டும்தான், அதுவும் வயிற்றில் நிற்கவில்லை என்று.

டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு இவ்வளவு இறங்கியிருக்கும்போது இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, இரண்டு வாரம் தள்ளிப்போடுவோம், அதற்குள் எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். புற்றுக்கட்டியைக் கரைக்கிற மருந்து என் பவிசால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

காரில் ஏறியதும் அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வேண்டாம். ஃப்ரீவேல வடக்க போங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கடைக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. ஆனால் நான் வண்டியைத் தாண்டி ஓட்டிப்போய், பக்கத்து மளிகைக் கடைக்கு எதிரில், இரண்டு பெரிய வேன்களுக்கு நடுவில் நிறுத்தினேன். அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நீ இரு, நான் போறேன்" என்றேன். சொன்னேனே தவிர பெல்ட்டைக் கழற்றவில்லை.

தலையில் கட்டிய ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொண்டு, நிறுத்தியிருந்த கார்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து அவள் நடந்தாள். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் மளிகைக் கடைத் தள்ளுவண்டியோடு வந்தது, பார்க்க நம் ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தார்கள். சட்டென்று குனிந்து போனைத் தேடுவது போல் பாவனை செய்தேன். பெண்டாட்டி வெயிலில் தள்ளாடுகிறாள், நான் சீட்டுக்கு அடியில் போன் தேடுகிறேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சின்னக் காகிதப் பையோடு வந்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் அதிலிருந்த கஞ்சா மிட்டாயில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடம் தயிர்சாதம் கேட்டாள். மாமியார் கரண்டியை வைத்துவிட்டு அழுதார். எல்லோருக்கும் அப்படிக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது, அவளுக்குக் கேட்டது. தள்ளிப்போன கீமோ பிறகு ஒழுங்காக நடந்து முடிந்தது, அவள் தேறிவிட்டாள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதற்கு முன்னால், காரிலேயே நடந்துவிட்டது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். இளைப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"உள்ள நம்மாளுங்க யாரும் இல்லீங்க. பயப்படாம வண்டிய எடுங்க."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.