ரெண்டாவது அடுப்பு யார் பேரில்?

வரியைப் பற்றி ஆராய்ச்சி செய்து கல்லூரி ஆசிரியை ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அதில் பாதி ஆராய்ச்சி நான் செய்தது.

பொய். அவர் கேட்ட கேள்விக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்பார்கள். எங்கள் கரிசலில் ஒதுங்குகிற அளவுக்கு மழையும் பெய்ததில்லை. இதைக்கூட நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒற்றை அடுப்பு வைத்துக் கடலை மிட்டாய் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நூல் மில் கேன்டீனில் மாதாமாதம் சரக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் விற்பனை வரி நம்பர் போட்ட பில் வேண்டுமாம். அவ்வளவு சரக்குக்கு இன்னொரு அடுப்பும் வேண்டும். அடுப்பு இரண்டானால் வியாபாரம் வரி வரம்பைத் தாண்டிவிடும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது அடுப்பை மனைவி பேரில் தனிக் கம்பெனியாக்கிவிடுவார்கள். இரண்டும் சின்னது, வரி கிடையாது. பில்லும் கிடையாது. பில் இல்லையென்றால் எனக்குக் கேன்டீனும் கிடையாது.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் அந்த ஆசிரியை வந்தார். சின்ன முதலாளிகள் வரி, கணக்கு விஷயத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ரெண்டு அடுப்பு இருக்குன்னு வச்சுக்கிடுவோம்."

"வச்சுக்கிடுதேன் டீச்சர். எப்ப வந்து எறக்குவீங்க?"

"ஐயோ, இது ஒரு பேச்சுக்கு. ஒரே பேர்ல வைப்பீங்களா, பிரிச்சு வைப்பீங்களா?"

"மச்சினன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

"அவரு யார்ட்ட கேப்பாரு?"

"கணக்கு எழுதுதவர்ட்ட. அவிய, பக்கத்துக் கடைக்காரரு என்ன செய்தாரோ அதையே செய்யச் சொல்லுவாவ."

"பக்கத்துக் கடையில இருந்துதான் வாரேன். அவிய ஒங்களக் கேட்டுச் சொல்லுதேன்னுட்டாவ."

கடலைத் தோல் புடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. தெருவே என் புத்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறது; என்னிடமோ அந்தச் சரக்கு இல்லை! இனி யாரையும் கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரே பேர், இரண்டு அடுப்பு, வரி நம்பர்.

மச்சினன் குதித்தான். "அத்தான், கையெழுத்தே ஒமக்குக் கோழி கிண்டுன மாரி இருக்கும். வரி ஆபீஸ்ல போய் என்னத்தக் கிழிக்கப் போறீரு?"

"கோழி கிண்டித்தாம்ல இரை எடுக்கும். நீ வழிய விடு."

"நாள் முழுக்க வாசல்ல நிக்க வச்சிருவான்."

"நிக்கேன். அடுப்பு முன்னால நிக்கதுக்கு அங்கன காத்தாவது வரும்."

மனைவி பீரோவில் இருந்த நல்ல சட்டையைத் தேய்த்துக் கையில் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு விற்பனை வரி ஆபீசுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூட யாரு வந்திருக்கா?" என்றார். யாரும் இல்லை, நான்தான் முதலாளி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு...

"ஏங்க! கத அளந்தது போதும், ரெண்டு அடுப்புலயும் பாகு முறுகுது. மில்லு வண்டி வேற வாசல்ல வந்து நிக்கு!"

இந்தா, மனைவி கூப்பிட்டுவிட்டாள். பாகு காத்திருக்காது. போகிறேன்.