சீசரின் கழுத்து

எழுபதுகளின் கடைசியில் அவனியாபுரத்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, கன்றுக்குட்டி உயரமிருந்த தன் அல்சேஷன் நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார். பாவம் பார்த்து என் கணவர் அதை எங்கள் கொல்லையில் கொண்டுவந்து கட்டினார். அதன் பெயர் சீசர். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட, கவனிப்பு என் தலையில் விழுந்தது. எனக்கோ நாயென்றால் நடுக்கம். சோற்றுத் தட்டைக்கூடக் கம்பால்தான் தள்ளிவிடுவேன்.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது என் பயத்தைப் பார்த்துவிட்டு, திருவாதவூரில் தோட்டம் வைத்திருந்த ஒரு தம்பதிக்கு அதைக் கொடுத்துவிட அவர் ஏற்பாடு செய்தார். அழைத்துப் போக வந்த அந்தப் பெண், தயங்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்து முடியை விலக்கினாள்.

"என்னக்கா, கழுத்துப்பட்டை இறுகி இம்புட்டுப் புண்ணாயிருக்கே! தடவிக் குடுக்கறப்ப கையில தட்டுப்படலையா?"

ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை.

அவள் பட்டையைக் கழற்றியதும் சீசர் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நானும் மெல்லக் கையை நீட்டினேன். அது உடம்பைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"அக்கா அடிக்க மாட்டாக, பயப்படாதடா" என்றாள் அவள்.

நான் அதை அடித்ததே இல்லை. ஆனால் கம்பில்லாமல் அதன் பக்கம் போனதும் இல்லை.

புண் ஆறி முடி வளர்ந்துவிட்டதென்று பிறகு சொல்லியனுப்பினார்கள். வந்து பார்க்கவும் கூப்பிட்டார்கள். என் கணவர் போய்வந்தார். என்னைக் கண்டு அது மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டால் தாங்கமாட்டேன் என்று, நான் கடைசிவரை போகவே இல்லை.