மூச்சு முட்டிய டிராக்டர்

போன சனிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட டீ, வாங்கினேன். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரோவைச் செருகி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். உறிஞ்சினேன்... பை சுருங்கி ஒட்டிக்கொண்டது.

அப்படியே நின்றுவிட்டேன். பை சுருங்கும், சரி. தகர டேங்க் சுருங்குமா?

விஷயம் இதுதான். காப்பார் ஊரில் தே கடை வைத்திருக்கும் சிவம் மாமா, என் அம்மாவின் தம்பி. அவரிடம் பழைய புல் வெட்டும் டிராக்டர் ஒன்று உண்டு. உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வகை. ஞாயிறுதோறும் கடைக்குப் பின்னாலுள்ள பந்துத் திடலை அதில்தான் வெட்டுவார். யாரும் கேட்கவில்லை, அவருக்கு ஆசை. இரண்டு மாதமாக வண்டி லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. அப்படி ஸ்டார்ட் ஆனாலும் பத்தே நிமிடம், இருமிவிட்டு நின்றுவிடும்.

அத்தை கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வாங்கும் லோரி வருவதற்குள் வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் லோரியில் ஏற்றிவிடுவார். மாமா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லையாம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்பார்க் பிளக், ஃபில்டர், பெட்ரோல் குழாய் — வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து பார்ப்போம். வண்டி ஓடும். புது பிளக்கைப் பாராட்டுவோம். பத்து நிமிடத்தில்... மறுபடி மௌனம்.

அந்த டேங்கின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. மழைத்தண்ணீர் இறங்கிவிடுமே என்று மாமா என்ன செய்தார் தெரியுமா? தே கட்டும் பிளாஸ்டிக்கை இரண்டாக மடித்து மேலே போட்டு, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். இருபது வருடக் கைப்பழக்கம். அவர் கட்டினால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. சிந்தாது, சரி... பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று எப்படிப் போகும்? காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்காதே!

ஞாயிறு காலை காப்பாரில் இருந்தேன். வண்டி வழக்கம்போல் பத்து நிமிடத்தில் நின்றது. ரப்பர் பேண்டைக் கழற்றினேன். 'உஸ்...' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. இத்தனை நாள் வண்டியை ஓட வைத்தது புது பிளக் அல்ல, நாங்கள் டேங்கைத் திறந்து பார்த்ததுதான்.

மாமாவின் முகம் வாடிவிட்டது. "நான் கட்டுனது தப்பாம்மா?"

"ரொம்ப நல்லா கட்டிட்டீங்க மாமா. அதான் பிரச்சனை லா."

அத்தையின் சேலை ஊக்கால் பிளாஸ்டிக்கில் இரண்டு துளை போட்டு மறுபடி கட்டினோம். பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. மாமா பாதித் திடலைத் தாண்டியபோது, ஒலிபெருக்கி அலற லோரி வந்தது. அத்தை விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

உடைந்த மேசைக் காற்றாடி ஒன்றை லோரிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தார். "இவ்ளோதான் அண்ணே. அது ஓடுது, பாக்கலையா?"

ஒன்று பழுதானால் எது கெட்டிருக்கிறது என்றுதான் தேடுகிறோம். மிக நன்றாகச் செய்து வைத்த இடத்தை யார் சந்தேகப்படுகிறோம்?

காலையில் ஸ்டார்ட் ஆக மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருக்கும் என்பது என் கணிப்பு. வரும் ஞாயிறு, காற்றுத் துளையுள்ள மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு போய், கார்புரேட்டரையும் கழற்றிவிடப் போகிறேன். அதைத் தேய்க்க அத்தை ஒரு டூத் பிரஷ் எடுத்து வைத்திருக்கிறாராம்.

அது யாருடைய பிரஷ் என்றுதான் மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.