எண் பலகையில் இரண்டு எழுத்து

பொம்மனஹள்ளி சிக்னலில் எங்கள் கம்பெனி கேப் நின்றுவிட்ட ஒரு காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்னால் நின்ற ஸ்கூட்டரின் எண் பலகையில் ஈ, எம் என்று இரண்டு எழுத்துகள். கேப்பில் நாங்கள் ஆடும் ஆட்டத்தில், இரண்டும் அதே வரிசையில் எங்காவது வருகிற ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். யாருடைய சொல் நீளமோ அவருக்கு பாயிண்ட். பெங்களூரில் வேலைக்குப் போவதில் பாதி நேரம் அடுத்தவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்பதால், இந்த ஆட்டத்துக்கு எழுத்துப் பஞ்சமே கிடையாது. மைசூர்க்காரன் கிரண் ‘எனிமி’ என்றான். என்னிடம் அதைவிட நீளமாக ஒன்று இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. போனில் டைப் செய்து பக்கத்து சீட் திவ்யாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “எபிட்டமி” என்றாள். பாயிண்ட் அவளுக்குப் போனது. எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. பள்ளியிலிருந்து அந்தச் சொல்லை மனதுக்குள் ‘எபிடோம்’ என்றே வைத்திருந்தேன். இனி எல்லாச் சொற்களையும் இவள் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது சொன்னால் புரியும். ஆம்பூரில் எனக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது. அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனி ஆபீசில் படித்துப் போட்ட ஆங்கிலப் பேப்பர்களை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். செய்தியை விட்டுவிட்டு, எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிர்ப் பக்கத்தை நான் பிய்த்துக்கொள்வேன். முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் சொல் கிடைக்காது, வாலைப் பிடிக்க வேண்டும் என்று அங்கேயே கண்டுகொண்டேன். ‘ஷன்’ என்றோ ‘நெஸ்’ என்றோ முடியுமா என்று பார்த்தால் மீதி எழுத்துகள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். அகராதியைக் கதைப்புத்தகம் மாதிரிப் படித்தேன். சொல்லிக் காட்டத்தான் ஆளில்லை. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படியே வாயில் வந்துவிடும். ஆங்கிலத்தையும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

திவ்யாவின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கான்வென்டில் ஆங்கிலம். எங்கள் கூட்டணி அமோகமாக நடந்தது. ஸ்ரீராம்புரத்து டிரைவர் முருகேஷ் அண்ணாவுக்குத்தான் சந்தேகம்.

“ஏம்மா, தெனம் எல்லா வண்டி நம்பரையும் படிக்கிறீங்களே, போலீசுக்கு கம்ப்ளைண்ட் போடறீங்களா?”

“இல்லண்ணா, கேம்” என்றாள் திவ்யா.

“கேமா? நா வேற உங்கள பாத்து பயந்துகினு சிக்னல்ல கோட்டத் தாண்டாம நிறுத்தினு இருக்கேன்.”

ஆபீசிலும் அதே கதைதான். மீட்டிங்கில் நான் சாட்டில் டைப் செய்வேன், திவ்யா வாசிப்பாள். ஆறு மாதமாக நான் கட்டிய ரிப்போர்ட் டூலைத் திங்கட்கிழமை வெளிநாட்டு கிளையண்டுக்குக் காட்ட வேண்டும் என்று வந்தபோது, எங்கள் டீம் லீட் யோசிக்கவே இல்லை. “திவ்யா பேசட்டும், கலை பக்கத்துல இருந்தா போதும்” என்றார், என்னைக் காட்டி. கிளையண்ட் யாரோடு பேசிப் பழகுகிறாரோ அவருக்குத்தான் அடுத்த ப்ராஜெக்டும் போகும். இது எல்லோருக்கும் தெரியும். நான் கட்டியது என் கண்முன்னே கைமாறிக்கொண்டிருந்தது. கைமாற்றி விட்டதும் நானேதான்.

வெள்ளிக்கிழமை காலை, அதே சிக்னல். எச், எல். கிரண் ‘ஹாஸ்பிடல்’ என்றான். போனை எடுத்த கை பாதியில் நின்றது.

“ஹைபர்போல்” என்றேன், சத்தமாக.

கிரண் திரும்பினான். “ஏனது? புட்பால் டீமா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சேர்த்தான், “கலை, நீ பேசுமா? நான் உன்க்கு வாய் இல்லேன்னு நினைச்சேன்.”

திவ்யாவும் சிரித்துவிட்டாள். “ஹைபர்பொலி டீ அது.”

காது சுட்டது. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கிரண் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

“எப்படிச் சொன்னா இன்னாப்பா, எழுத்து சரியாக்கீதா இல்லியா?” என்றார் முருகேஷ் அண்ணா.

“சரிதான். ஒன்பது இருக்குது” என்றான் கிரண் வருத்தத்தோடு. “ஹாஸ்பிடல் எட்டு.”

பாயிண்ட் எனக்கு. பச்சை விழுந்ததும் சிரிப்பு அடங்கி, அடுத்த பலகைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்?

ஆபீஸ் போனதும் லீட்டிடம் திங்கட்கிழமை டெமோவை நானே செய்கிறேன் என்றேன். அவர் திவ்யாவைப் பார்த்தார். “அவ கட்டுனது சார். நடுவுல ஒரு கேள்வி கேட்டா எனக்கு என்ன தெரியும்?” என்றாள் அவள்.

சாயங்காலம் ஊருக்குப் போக சந்தாபுராவில் பஸ் ஏறினேன். டெமோவின் முதல் வரியை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்து, “எங்கம்மா?” என்றார். “ஆம்பூர், ஒந்து” என்றேன்.

“ஊரு ஆம்பூருன்ற, டிக்கெட்ட கன்னடத்துல கேக்குற” என்று சிரித்தபடி கிழித்துக் கொடுத்தார். அத்திப்பள்ளியைத் தாண்டி, கடைப் பலகைகள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. விட்ட இடத்திலிருந்து ஆங்கிலத்தைத் தொடர்ந்தேன். பக்கத்து சீட் அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை மைக்கைத் திறந்து அந்த வரியை நானே சொல்லப் போகிறேன். யாராவது சிரித்தால், எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போவேன்.