மாமா தோற்ற சனிக்கிழமைகள்

எங்கள் மாமா இங்கிலாந்தில் வாரம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தபோது நான் மராத்தி பேசும் சிஞ்ச்வட்டில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. அவர் தோற்றபோதெல்லாம் நானும் கூடவே பாடுபட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஆகுர்டியில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். குள்ளம், கழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வானவடிக்குப் போய், ராணுவத்துப் பையன்களோடு ரக்பி ஆடிவிட்டு, உதடு கிழிந்தோ முழங்கை தேய்ந்தோ வருவார். அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் பற்றுப் போடுவாள். கம்பெனி அவரை இரண்டு வருடத்துக்கு இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, "அப்பாடா, இந்தச் சனியன் பிடிச்ச ஆட்டம் இதோட விட்டுது" என்று அவள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். அந்த ஆட்டம் எந்த நாட்டில் பிறந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

போன இடத்தில் மாமா சும்மா இருப்பாரா? இரண்டாம் வருடம் அந்தச் சின்ன ஊரின் கிளப்பில் சேர்ந்துவிட்டார். லீக்கில் படிப்படியாகப் பல பிரிவுகள் உண்டாம். இவர்களுடையது அடிமட்டத்துக்குச் சற்று மேலே. அணியில் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், ஒரு கசாப்புக் கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முன்வரிசையில் நிற்க ஆளில்லாமல் தவித்தவர்களுக்கு எங்கள் மாமா கடவுள் அனுப்பியவர்போல் போய்ச் சேர்ந்திருந்தார்.

செப்டம்பரில் லீக் தொடங்கியது. நான் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, அட்டவணை தயாரித்து, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா போன் செய்வார். அம்மா முதலில் பறித்துக்கொண்டு, "ஏல, கை காலு நல்லா இருக்கால? எங்கயும் அடி படலயே?" என்று கேட்பாள். அதைத்தவிர ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அப்புறம் போன் என் கைக்கு வரும். நான் ஸ்கோரைக் கேட்டு, அட்டவணையில் 'தோல்வி' என்று எழுதுவேன்.

அக்டோபர் முடிவதற்குள் அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை பழகிவிட்டது.

அம்மாவுக்கு ஸ்கோரில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு, அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு மாமா மைதானத்தில் இறங்கும் அதே நேரத்தில், நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவாள். ஒன்பது மணிக்கு ஆட்டம் முடியும்வரை அது அணையாமல் பார்த்துக்கொள்வாள். அதுவரை பல்லில் பச்சைத்தண்ணீர் படாது. இத்தனை பக்தியாக ஒருத்தி வேண்டியும் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்கவைக்காத பெருமாள்மீது எனக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்தது. இது போதாதென்று, என் சுத்தமான அட்டவணையில் வாராவாரம் மஞ்சள் கறை வேறு. சமையல் கையை அதில்தான் துடைக்கிறாள் என்று நான் சத்தம் போடுவேன். பனி கொட்டி ஆட்டமே ரத்தான வாரத்தில் விழுந்த கறைதான் எல்லாவற்றிலும் பெரிது.

ஜனவரியில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கம்பெனி இன்னொரு வருடம் இருக்கச் சொல்கிறது. ஏப்ரலில் லீக் முடிகிறது. ஒரு ஆட்டமாவது ஜெயிக்காமல் ஊர் திரும்பப்போவதில்லை, இவர்களை இப்படி விட்டுவிட்டு வர மனசில்லை என்று எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். எனக்குக் கணக்கு எளிதாக இருந்தது: ஜெயித்தால் மாமா வருவார், இல்லாவிட்டால் வரமாட்டார். எப்பாடுபட்டாவது அவரை ஜெயிக்கவைப்பது என்று முடிவுசெய்தேன்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. "இப்போதெல்லாம் முதல் அரைமணி நேரம் சமமாக நிற்கிறோம், அப்புறம்தான் சரிகிறோம்." இது ஏன் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். விடை பூகோள டீச்சரிடம் கிடைத்தது. குளிர்காலம் வந்தால் இங்கிலாந்தில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணிநேரம் பின்னால் தள்ளிவைப்பார்களாம்! அப்படியானால் நவம்பர் முதல் ஆட்டம் தொடங்குவது எங்கள் எட்டரைக்கு. அம்மாவின் விளக்கு ஒன்பதுக்கு அணைகிறது. சரியாக அரைமணி நேரம்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பெருமாள் பாவம், இந்திய நேரத்துலயே வேலை பாத்துட்டாரு" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ இத்தன வாரமா மிச்ச நேரமெல்லாம் அவன் வெளக்கு இல்லாம வெறுமனயா நின்னான்?" என்று கேட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. போன புள்ளிகளை நினைத்துத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லம்மா, இன்னும் மேட்ச் இருக்கு" என்று தேற்றினேன்.

அடுத்த வாரத்திலிருந்து விளக்கு எட்டரைக்கு ஏறியது. பத்து மணிவரை அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மாமாவின் அணி அப்போதும் தோற்றது. ஆனால் முன்னைவிடக் கொஞ்சமாகத் தோற்றது. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஏப்ரலில் கடைசி ஆட்டம். அங்கே கடிகாரத்தை மறுபடி முன்னுக்குத் தள்ளியதால் ஆட்டம் பழையபடி ஏழரைக்குத் திரும்பியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து அப்பாவின் மேலதிகாரி வீட்டுக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. அம்மா பட்டுச்சேலையோடு நின்று என்னிடம் பத்துத் தடவை சொன்னாள்: "ஒம்பது மணிவரைக்கும் அணையக்கூடாது. அந்தாக்குல விட்டுட்டு வெளையாடப் போயிராத. நல்லாக் கும்பிட்டுக்கோ, என்னா?"

என்ன சொல்லிக் கும்பிட வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எனக்குப் பாதி நினைப்பு மராத்தியிலும் இந்தியிலும்தான் ஓடும். அம்மாவின் சாமிக்கு எதற்கு வம்பு என்று, தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிப் பொறுக்கி வேண்டினேன். ஜெயிக்கணும். என்ன ஆனாலும் சரி, இன்னைக்கு ஜெயிக்கணும். ஒன்றரை மணிநேரம் விளக்கைவிட்டு எழுந்திருக்கவில்லை. கீழே பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போகவில்லை. கால் மரத்துப்போனது. மடக்கிய காலை நீட்டினால் ஒரு புள்ளி போய்விடும் என்று பயந்து அப்படியே இருந்தேன்.

மறுநாள் மதியம் போன் அடித்தபோது அம்மா கை கழுவிக்கொண்டிருந்ததால் நான் முந்திக்கொண்டேன். "ஜெயிச்சாச்சு!" என்று மாமா தொண்டை கட்டிய குரலில் கத்தினார். அவ்வளவுதான், அம்மா கையில் ரிசீவரைத் திணித்துவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வந்த லட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் ஒரு வீடு பாக்கியில்லை. வாட்ச்மேனுக்கு இரண்டு கொடுத்தேன். நான் காகு என்று கூப்பிடும் கீழ்வீட்டு மராத்திக்காரச் சித்தி, "மாமா ஜிங்க்லா?" என்று ஜெயித்ததை விசாரித்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அம்மா ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி ஸ்க்ரம் சரிந்ததில் மாமாவின் தோளெலும்பு இரண்டாக உடைந்துவிட்டதாம். அப்படியும் வெளியேற மறுத்து, விசில் ஊதும்வரை ஒரு கையோடு நின்றாராம்.

"நீ என்ன சொல்லிக் கும்பிட்ட?" என்று கேட்டாள்.

"ஜெயிக்கணும்னு."

அவள் எழுந்துபோய் விளக்கைத் துலக்கினாள். நேற்றே துலக்கிய விளக்கு. ஜெயித்த பிறகும் இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. எலும்பு என்ன, கூடிவிடும். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'வெற்றி' என்று எழுதி, சுற்றிலும் நட்சத்திரம் போட்டேன்.

மே மாதம் மாமா கழுத்திலிருந்து தூக்கிக் கட்டிய கையோடு வந்து இறங்கினார். அம்மா நல்ல தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து அழுதாள். குளிர் அடித்தால் இன்றும் அவருக்கு அந்த இடம் வலிக்கும். அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

போன வருடம் அம்மாவின் பழைய பீரோவைக் கொடுத்துவிடலாம் என்று காலி செய்தேன். கதவின் உள்ளே அட்டவணை அப்படியே இருந்தது. நான் 'தோல்வி' என்று எழுதிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுவைத்த மஞ்சள். கை துடைத்த கறை அப்படியா இருக்கும்? நான் தோற்றதாக எழுதிய வாரமெல்லாம், மாமா அடிபடாமல் வந்ததில் அவள் ஜெயித்திருக்கிறாள். பனியால் ஆட்டம் ரத்தான வாரத்தில் தாராளமாகவே அள்ளி வைத்திருக்கிறாள்.

கடைசி வரியில் என் நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. அதன் ஓரத்தில் அவள் ஒன்றும் வைக்கவில்லை.